வலசைக் குருவியும் வந்தேறியும்: ஒரு பூங்காவின் பார்வை வரலாறு

பாடும் பறவைகள் இலையுதிர் காலத்தில் அநேகமாகப் பாடுவதில்லை. பாட்டு என்பது பெரும்பாலும் வசந்தத்தில் ஆண்குருவி இணைதேடவும் எல்லை வகுக்கவும் செய்கிற காரியம். செப்டம்பர், அக்டோபரில் தெற்கே வலசை போகிறபோது அவற்றிடம் பாட்டும் இல்லை, பலவற்றிடம் வசந்தகாலத்து வண்ணமும் இல்லை. 'ட்சிப்' என்று ஒரு ஒற்றைச் சத்தம், இலைக்குப் பின்னால் ஒரு அசைவு, அவ்வளவுதான். நியூயார்க் நகரத்தின் நடுவே 843 ஏக்கரில் விரிந்து கிடக்கும் சென்ட்ரல் பார்க்கில், 'ராம்பிள்' எனப்படும் சுமார் 36 ஏக்கர் காட்டுப் பகுதிக்குள் (காடு என்கிறோம், ஆனால் பாறை ஓடை உட்பட ஏகப்பட்டது திட்டமிட்டுச் செய்யப்பட்டது) கேமராவைத் தூக்கிக்கொண்டு அந்தச் சத்தத்தின் பின்னால் அலைகிறவர்களில் நானும் ஒருவன். பத்து வருஷமாக அலைகிறேன். அங்கே நான் பார்த்தது பறவைகளை மட்டுமல்ல. பறவைகளைப் பார்க்கிறவர்களையும் பார்த்தேன், அவர்கள் என்னைப் பார்ப்பதையும் பார்த்தேன். யார் பார்க்கலாம், எந்தக் கருவியால் பார்க்கலாம், பார்க்கிறவனை யார் கண்காணிப்பது என்பதற்கெல்லாம் இந்தப் பூங்காவில் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே கொஞ்சம் கிளறிப் பார்க்கப் போகிறேன்.

பறவைகள் ஏன் அங்கே குவிகின்றன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பாடும் குருவிகளில் பெரும்பாலானவை இரவில்தான் வலசை போகின்றன. அட்லாண்டிக் கடற்கரையை ஒட்டி வருகிற கூட்டம் விடியும்போது கீழே பார்க்கிறது. கண்ணுக்கு எட்டியவரை கான்கிரீட். நடுவில் ஒரு பச்சைச் சதுக்கம். இறங்காமல் என்ன செய்யும்? ஒரு பெரிய காட்டில் பரவி மறைந்துபோகிற ஆயிரம் குருவிகள் இங்கே ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். புகைப்படக்காரனுக்குக் கொண்டாட்டம். குருவிக்கோ அது வேறு வழியற்ற ஒதுங்கல்.

கேமராவுக்கு முன்னால் அங்கே துப்பாக்கி இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பறவையியல் என்றால் சுட்டு வீழ்த்தித் தோலுரித்துப் பஞ்சடைத்து அட்டை கட்டுவதுதான். அமெரிக்கப் பறவைகளின் மாபெரும் ஓவியராகக் கொண்டாடப்படும் ஜான் ஜேம்ஸ் ஆடுபான், 1827க்கும் 1838க்கும் இடையில் வெளியிட்ட 435 ஓவியத் தகடுகளில் உயிரோடு துள்ளுவதுபோலத் தெரிகிற பறவைகள் எல்லாம் சுடப்பட்டு, கம்பி கட்டி நிறுத்தப்பட்டு வரையப்பட்டவை. அந்த ஆடுபான் மனிதர்களையும் விலைக்கு வாங்கி விற்றவர். இது ஊரறிந்த செய்திதான். ஆனாலும் அவர் பெயரில் இயங்கும் தேசிய அமைப்பு 2023இல் பெயரை மாற்றுவதில்லை என்று தீர்மானித்தது. அதன் நியூயார்க் நகரக் கிளை அதை ஏற்காமல் 2024இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது.

துப்பாக்கியிலிருந்து கேமராவுக்கு வந்ததை ஏதோ வன்முறையிலிருந்து அகிம்சைக்கு வந்த ஞானோதயம் மாதிரி எழுதுவது வழக்கம். மொழியே அதை மறுக்கிறது. 'ஸ்னாப்ஷாட்' என்பது வேட்டைக்காரர்களின் சொல். குறி பார்க்க நேரமில்லாமல் சட்டென்று சுடுவதற்குப் பெயர். படம் எடுப்பதை இன்றைக்கும் 'ஷூட்' பண்ணுவதாகத்தான் சொல்கிறோம். 1882இல் பிரெஞ்சு உடலியலாளர் எத்தியேன்-ழூல் மாரே பறக்கும் பறவையைப் படமெடுக்க ஒரு கருவி செய்தார். கட்டை, குழாய், விசை எல்லாம் வைத்த அசல் துப்பாக்கி வடிவம். விசையை அழுத்தினால் விநாடிக்கு 12 படங்கள் விழும். கேமரா என்பது துப்பாக்கியின் பதங்கமாக்கப்பட்ட வடிவம் என்று சூசன் சொன்டாக் 1977இல் வெளிவந்த தம் புகைப்படக் கட்டுரை நூலில் வாதிட்டபோது அதை வெறும் உருவகமாக வாசித்தவர்கள் உண்டு. மாரேயின் கருவியைப் பார்த்தால் உருவகம் எதுவும் தேவைப்படாது. இன்றைய கேமராக்கள் விநாடிக்கு 20, 30 படம் எடுக்கின்றன. பறவையின் கண் எங்கே என்று இயந்திரமே கண்டுபிடித்துக் குறிவைத்துக் கொடுக்கிறது. என்னோடு ஒருநாள் வந்த திருநெல்வேலி நண்பர், மங்கிப்போன ஒரு குருவியை நோக்கி நான் லென்ஸைத் திருப்புவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் அண்ணாச்சி, ஊர்ல தவிட்டுக்குருவி இத விட நல்லா இருக்குமே. இதுக்கா இம்புட்டுப் பெரிய பீரங்கி?"

பீரங்கி என்ற சொல் அவருக்குத் தானாக வந்தது.

துப்பாக்கிக்கும் கேமராவுக்கும் நடுவில் ஒரு தொப்பி இருக்கிறது. 1886இல் ஃபிராங்க் சாப்மன் என்ற இளைஞர் மன்ஹாட்டனின் கடைத்தெருவில் இரண்டு மாலைகள் நடந்தார். பறவைகளைக் கணக்கெடுக்கத்தான் போனார், ஆனால் மரங்களில் அல்ல, பெண்களின் தொப்பிகளில். 700 தொப்பிகளை எண்ணியதில் 542இல் இறகோ முழுப் பறவையோ இருந்தது. அடையாளம் காண முடிந்தவை மட்டும் 40 இனங்கள். அந்தப் பட்டியலில் 'பிளாக்போல் வார்ப்ளர்' என்ற பன்னிரண்டு கிராம் குருவியும் உண்டு, மூன்று தொப்பிகளில். இந்தக் குருவிக்குத் திரும்ப வருவேன்.

சாப்மன் பிற்பாடு பூங்காவின் மேற்கு ஓரத்தில் இருக்கும் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பறவைப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். 1900ஆம் ஆண்டு அவர் இரண்டு காரியங்கள் செய்தார். கிறிஸ்துமஸ் அன்று கட்சி பிரிந்து யார் அதிகம் சுட்டார்கள் என்று போட்டி போடும் வேட்டைக்குப் பதிலாகப் பறவைகளை எண்ணுவோம் என்று அழைப்பு விடுத்தார். முதல் வருஷம் கலந்துகொண்டவர்கள் 27 பேர். கேமராவைக் கொண்டு பறவைகளை ஆய்வது பற்றி ஒரு நூலையும் அதே ஆண்டில் வெளியிட்டார். பறவைப் புகைப்படக் கலை ஒரு மரியாதைப்பட்ட பொழுதுபோக்காக உருவான தருணங்களில் இது ஒன்று எனலாம். பொழுதுபோக்குக்குப் பொழுது வேண்டும், காசு வேண்டும், கையில் கருவியோடு மரத்தடியில் நின்றால் சந்தேகப்படாத சமூகம் வேண்டும். மூன்றும் யாரிடம் இருந்தது என்பதை விளக்கத் தேவையில்லை.

சட்டங்கள் வந்தன. 1900இல் லேசி சட்டம், 1913இல் வலசைப் பறவைகளுக்கான முதல் கூட்டரசுச் சட்டம், 1916இல் கனடாவுக்காகப் பிரிட்டனோடு செய்துகொண்ட ஒப்பந்தம், அதை நிறைவேற்ற 1918இல் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம். இவை இல்லாமல் போயிருந்தால் பல இனங்கள் இன்று மிஞ்சியிருக்குமா என்பதே சந்தேகம். அதை மறுப்பவன் அல்ல நான். ஆனால் குற்றவாளிக் கூண்டில் யார் நிறுத்தப்பட்டார்கள்? பறவைகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது தொப்பி வியாபாரமும் சந்தை வேட்டையும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கச் சந்தைகளில் ராபின் பறவை இறைச்சிக்காக விற்கப்பட்டது, வெள்ளை வீட்டுச் சாப்பாட்டு மேசைகளில் பரிமாறப்பட்டது. இந்தக் கதையெல்லாம் பின்னுக்குப் போய், 1913இல் பிராங்க்ஸ் விலங்குக்காட்சிச் சாலையின் இயக்குநர் வில்லியம் ஹார்னடே எழுதிய புகழ்பெற்ற நூலில் பாடும் பறவைகளின் கொலைகாரர்களாக முன்னிறுத்தப்படுகிறவர்களில் இத்தாலியக் குடியேறிகளுக்கும் தெற்கத்திக் கறுப்பர்களுக்கும் ஏழை வெள்ளையர்களுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கப்படுகிறது. சிறு பறவையைப் பிடித்துச் சமைப்பது இத்தாலியக் கிராமத்து ஏழைகளின் பழக்கம். நம் ஊரில் கௌதாரி, காடை மாதிரி. 1972 வனவிலங்குச் சட்டத்திற்குப் பிறகு நரிக்குறவர்கள் தலையில் விழுந்ததை அறிந்தவர்களுக்கு இந்தச் சங்கதி புதிதாக இருக்காது: கானகத்தை அழித்தவன் பாதுகாவலன் ஆவான், கவண் வைத்திருந்தவன் குற்றவாளி ஆவான்.

பென்சில்வேனியா மாநிலம் 1909இல் ஒரு சட்டம் போட்டது. குடியுரிமை பெறாத அந்நியர் எவரும் காட்டுப் பறவையையோ விலங்கையோ வேட்டையாடக் கூடாது. அதற்காகவே துப்பாக்கி வைத்திருக்கவும் கூடாது. பட்ஸோனே என்ற இத்தாலியர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1914இல் தோற்றார். அந்நியர்களை ஒரு வகையினமாகவே ஆபத்தானவர்கள் என்று கருத மாநிலத்துக்கு உரிமை உண்டு என்ற வகையில் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். ஆறு வருஷம் கழித்து, 1920இல், மிசூரி மாநிலம் வலசைப் பறவைச் சட்டத்தை எதிர்த்து வழக்காடியது. எங்கள் எல்லைக்குள் இருக்கும் பறவை எங்களுடையது என்றது மாநிலம். தீர்ப்பு எழுதியவர் அதே ஹோம்ஸ். பறவை எவருடைய உடைமையும் அல்ல, நேற்று இங்கே வந்திருக்கவில்லை, நாளை வேறு மாநிலத்தில் இருக்கும், எல்லைகளைக் கடப்பதுதான் அதன் இயல்பு, ஆகவே தேசமே அதைக் காக்க வேண்டும் என்ற தர்க்கம். எவ்வளவு அழகான தர்க்கம்! எல்லை கடந்து வருவது பறவைக்குப் பாதுகாப்பைப் பெற்றுத் தந்தது. அதே காரியம் பட்ஸோனேவை ஒரு 'வகையினம்' ஆக்கியது. இரண்டு தீர்ப்புகளையும் ஒரே பேனா எழுதியது தற்செயலாக இருக்கலாம். ஒரே காலம் எழுதியது தற்செயல் அல்ல.

1916ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட்டில் பறவை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டில் மாடிசன் கிராண்ட், 'மேலான இனம்' வந்தேறிகளால் அழிகிறது என்று புலம்பும் இனவாத நூலை வெளியிட்டார். யார் இந்தக் கிராண்ட்? பிராங்க்ஸ் விலங்குக்காட்சிச் சாலையை நடத்திய நியூயார்க் விலங்கியல் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர், இயற்கைப் பாதுகாப்பின் முன்னோடிகளில் ஒருவர். அதே ஆண்டு மார்ச்சில் வர்ஜீனியாவில் ஓட்டா பெங்கா என்ற காங்கோ இளைஞர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். பத்து வருஷம் முன்பு, 1906 செப்டம்பரில், ஹார்னடே இயக்குநராகவும் கிராண்ட் செயலாளராகவும் இருந்த அதே காட்சிச் சாலையில், குரங்குகளுக்கான கட்டிடத்தில், பார்வையாளர் கூட்டத்தின் முன் காட்சிக்கு வைக்கப்பட்டவர் அவர். கையில் ஒரு சிம்பன்சியைக் கொடுத்து அவரை நிற்கவைத்து எடுத்த புகைப்படம் இன்றும் இருக்கிறது. கறுப்புப் பாதிரியார்கள் போராடித்தான் அந்தக் காட்சி நின்றது. இதற்கு அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020இல். அது ஜூலை மாதம். காட்சி நடந்ததுதான் செப்டம்பரில், பூங்காவில் குருவிகள் இறங்குகிற மாதத்தில். புகைப்படம், காட்சிப்படுத்தல், பாதுகாப்பு என்று தனித்தனியாக நாம் அடுக்கி வைத்திருப்பவை எல்லாம் ஒரே வளாகத்தில் ஒன்றாக இருந்திருக்கின்றன.

1917 பிப்ரவரியில் 'தடுக்கப்பட்ட ஆசிய மண்டலம்' வந்தது. பிரிட்டிஷ் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து வருவோருக்குக் கதவு அடைப்பு. அடுத்த ஆண்டு ஜூலையில் வலசைப் பறவைகளுக்குக் கதவு திறப்பு. 'அமெரிக்கக் குருவியைப் பற்றி நமக்கென்ன?' என்று கேட்கக்கூடிய தோழர்களுக்கு இந்த இடத்தில்தான் பதில். அந்த வரைபடத்தின் கோட்டுக்குள் தஞ்சாவூரும் இருந்தது, திருநெல்வேலியும் இருந்தது.

சட்டத்துக்குள்ளும் ஒரு வர்ண ஏற்பாடு உண்டு. 1890இல் இதே சென்ட்ரல் பார்க்கில் யூஜின் ஷீஃபெலின் என்பவர் ஐரோப்பாவிலிருந்து தருவித்த ஸ்டார்லிங் பறவைகளைத் திறந்துவிட்டார். அவற்றின் சந்ததி கண்டமெங்கும் பெருகிவிட்டது. 1918 சட்டம் ஸ்டார்லிங்குக்குப் பொருந்தாது. அது 'அயல்' பறவை. வேடிக்கை என்னவென்றால் இலையுதிர் காலத்தில், புது இறகு முளைத்து உடலெங்கும் வெள்ளைப் புள்ளி இறைத்த ஸ்டார்லிங்தான் பூங்காவிலேயே கண்ணைப் பறிக்கும் பறவை. வார்ப்ளர்களோ அழுக்குப் பச்சையில் இருக்கும். ஆனாலும் ஸ்டார்லிங் பக்கம் ஒரு லென்ஸும் திரும்பாது. ரசனை என்பது கண்ணில் மட்டும் உட்கார்ந்திருக்கிற விஷயமில்லை.

பூங்காவின் தரைக்கு வருவோம். ராம்பிளுக்கு வடமேற்கே, 82ஆம் தெருவுக்கும் 89ஆம் தெருவுக்கும் இடையே, செனகா கிராமம் என்று ஒன்று இருந்தது. 1825இலிருந்து சுதந்திரக் கறுப்பர்கள் நிலம் வாங்கி உருவாக்கிய ஊர். மூன்று தேவாலயங்கள், ஒரு பள்ளிக்கூடம், 1855இல் ஏறத்தாழ 225 பேர். பின்னால் வந்து சேர்ந்த ஐரிஷ்காரர்களும் அதில் உண்டு. 1821 முதல் நியூயார்க்கில் கறுப்பு ஆண் வாக்களிக்க 250 டாலர் மதிப்புள்ள சொத்து வேண்டும், வெள்ளையனுக்கு அந்த நிபந்தனை கிடையாது. ஆகவே அந்த ஊரில் நிலம் என்றால் வாக்கு. 1857க்குள் பூங்காவுக்காக அந்த ஊர் துடைத்தெறியப்பட்டது. மொத்தப் பூங்காவுக்கும் வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 1,600 பேர். குருவி இறங்குகிற அந்தப் 'பச்சைத் தீவு' இப்படித்தான் பச்சையானது.

ராம்பிளுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அது ஒருபால் விருப்பம் கொண்ட ஆண்கள் சந்தித்துக்கொண்ட இடம். 1955இல் பூங்காத் துறை ஆணையர் ராபர்ட் மோசஸ், ஒரு அறக்கட்டளை தரவிருந்த 2,50,000 டாலரைக் கொண்டு ராம்பிளை முதியோர் பொழுதுபோக்கு மையமாக மாற்றத் திட்டம் போட்டார். அந்த ஆண்களை அப்புறப்படுத்துவது சொல்லப்படாத நோக்கம் என்று சில வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். எதிர்த்துக் கிளம்பியவர்கள் பறவை நோக்கர்கள். திட்டம் கைவிடப்பட்டது. பைனாகுலர் மாட்டிய கனவான்கள் தாங்கள் யாருடைய இடத்தையும் சேர்த்துக் காப்பாற்றுகிறோம் என்று யோசித்திருப்பார்களா, மாட்டார்களா, எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. குருவிக்கு வேண்டிய அடர்ந்த புதர்தான் ஊர்க்கண்ணுக்குப் பயந்தவர்களுக்கும் வேண்டியிருந்தது. மறைவிடம் என்பதன் அரசியல் அது. புகைப்படக்காரன் அந்த மறைவிடத்துக்குள் லென்ஸை நீட்டுகிறவன் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

2020 மே 25ஆம் தேதி காலை ராம்பிளில் நடந்தது உலகத்துக்கே தெரியும். கிறிஸ்டியன் கூப்பர் என்ற கறுப்புப் பறவை நோக்கர், விதிப்படி நாயைக் கட்டிக் கூட்டிப்போகச் சொன்னார். அந்த வெள்ளைப் பெண் போலீஸைக் கூப்பிட்டு, ஒரு ஆப்பிரிக்க அமெரிக்கர் தன் உயிருக்கு அச்சுறுத்தல் விடுப்பதாகச் சொன்னார். அதே நாளில் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸால் கொல்லப்பட்டார். இரண்டுமே தொலைபேசிக் கேமராவில் பதிவானதால்தான் நம் முன் வந்தன. குருவியைப் பார்க்கப் போனவர் தன்னைக் காத்துக்கொள்ளப் படமெடுக்க நேர்ந்தது. கறுப்புப் பறவை நோக்கர் கடைப்பிடிக்க வேண்டிய விதிகள் என்று உயிரியலாளர் ட்ரூ லான்ஹம் 2013இலேயே கசப்பான நகைச்சுவையோடு எழுதியிருந்தார். தலையை மூடும் சட்டையோடு பறவை பார்க்கப் போகாதே என்பது அவற்றில் ஒன்று. என் அனுபவம் இதோடு ஒப்பிட ஒன்றுமேயில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனித்து வைத்திருக்கிறேன். பக்கத்தில் நிற்கிற வெள்ளை நண்பரிடம் நடைப்பயிற்சிக்காரர்கள் 'என்ன பறவை?' என்று கேட்பார்கள். என்னிடம் 'இங்கே என்ன செய்கிறாய்?' என்பார்கள். இரண்டும் கேள்விதான்.

இனி அந்தப் பிளாக்போல் வார்ப்ளர். வசந்தத்தில் ஆண்குருவி கருப்புத் தொப்பி, வெள்ளைக் கன்னம் என்று ஜோராக இருக்கும். கோடை முடிந்ததும் இறகு உதிர்த்து, ஆணும் பெண்ணும் குஞ்சும் ஒன்றுபோல மங்கிய பச்சையாகிவிடும். 'பே-பிரெஸ்டட்' என்ற இன்னொரு வார்ப்ளரும் அப்போது கிட்டத்தட்ட இதே மாதிரி இருக்கும். வித்தியாசம் காலில்: பிளாக்போலுக்குப் பாதம் மஞ்சள், மற்றதற்குக் கருப்பு. 1934இல் ரோஜர் டோரி பீட்டர்சன் வெளியிட்ட கையேடு, சுட்டுக் கையில் எடுக்காமலே தூரத்திலிருந்து பறவையை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தது. துப்பாக்கிக்கு விடை கொடுத்ததில் கேமராவைவிட அந்தக் கையேட்டின் பங்கு அதிகம் என்பது என் எண்ணம். அவரும் இலையுதிர் கால வார்ப்ளர்களுக்கு வந்தபோது 'குழப்பமானவை' என்று தனிப் பக்கம் ஒதுக்க வேண்டியதாயிற்று. யாருக்குக் குழப்பம்? குருவிக்கு ஒரு குழப்பமும் இல்லை. வசந்தகால ஆணை 'அசல்' என்று வைத்துக்கொண்டால் பெண்ணும் குஞ்சும் மங்கலான நகல்கள் ஆகின்றன. விற்பனைக்கும் போட்டிக்கும் போகிற படங்களைப் பாருங்கள், பெரும்பாலும் அந்த வசந்த ஆண்தான் கொலுவிருக்கும். இலையுதிர் காலப் படம் விலைபோகாது. கால் நிறம் தெரிகிற மாதிரி இலையிடுக்கில் பாதி மறைந்த ஒரு அழுக்குப் பச்சைக் குருவியின் படம் அடையாளம் காணப் பயன்படும், சுவரில் மாட்டப் பயன்படாது. எனக்கு இந்தப் படங்கள்தான் பிடித்திருக்கின்றன. சட்டகத்துக்கு அடங்காமல் திமிறுகிறது அது.

அலாஸ்காவிலும் கனடாவிலும் உள்ள வடகாடுகளில் பிறந்து, வடகிழக்குக் கடற்கரைக்கு வந்து, கொழுப்பேற்றி உடம்பைப் பெருக்கிக்கொண்டு, அங்கிருந்து அட்லாண்டிக்கின் மேல் இரண்டு மூன்று நாள் நிற்காமல் பறந்து கரீபியன் தீவுகளுக்குப் போகிறது இந்தக் குருவி. முதுகில் மிகச் சிறிய பதிவுக்கருவி கட்டிச் செய்த ஆய்வு 2015இல் இதை உறுதிப்படுத்தியது: 2,270 முதல் 2,770 கிலோமீட்டர் வரை. தரையிறங்க இடமே கிடையாது. ஒரு கடவுச்சீட்டில் ஒரு முத்திரைக்காக வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கிற மனிதர்கள் வாழும் ஊருக்கு மேலே ராத்திரியில் இது நடக்கிறது.

கடலுக்கு முன்னால் அவை கடக்க வேண்டியது கண்ணாடி. வெளிச்சம் இரவில் பறப்பவற்றைத் திசைதிருப்பிக் கீழே இழுக்கிறது, காலையில் கண்ணாடிச் சுவர் வானத்தையும் மரத்தையும் காட்டி ஏமாற்றுகிறது. அமெரிக்கா முழுவதும் ஆண்டுக்கு 36.5 கோடியிலிருந்து 98.8 கோடிப் பறவைகள் வரை கட்டிடங்களில் மோதிச் சாகின்றன என்று 2014இல் ஒரு ஆய்வு மதிப்பிட்டது. செப்டம்பர் 11 நினைவாக ஏற்றப்படும் இரட்டை ஒளித்தூண்கள் ஏழு இரவுகளில் சுமார் 11 லட்சம் பறவைகளைப் பாதித்தன என்று 2017இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. ஒளிக்கற்றைக்குள் ஆயிரம் பறவைக்கு மேல் சுற்றினால் 20 நிமிஷம் விளக்கை அணைக்கிறார்கள். அணைத்ததும் அவை கலைந்து போய்விடுகின்றன. வட அமெரிக்கா 1970இலிருந்து ஏறக்குறைய 300 கோடிப் பறவைகளை இழந்துவிட்டது என்ற கணக்கு 2019இல் வந்தது. வாழிட அழிவு, பூச்சிமருந்து, பூனை என்று காரணங்கள் பல. ஆனால் கண்ணாடிக் கோபுரம் யாருடையது என்று கேட்டால் முகவரி சொல்ல முடியும். இந்தக் கோபுரக்காரர்களை ஒரு 'வகையினம்' என்று எந்த நீதிமன்றமும் இதுவரை சொல்லவில்லை. புதுக் கட்டிடங்களுக்குப் பறவைகள் மோதாத வகைக் கண்ணாடி வேண்டும் என்ற நகரச் சட்டம் 2021 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய கட்டிடங்கள் அப்படியே நிற்கின்றன.

2021 செப்டம்பர் 14ஆம் தேதி விடிகாலையில், மோதிச் செத்த பறவைகளைக் கணக்கெடுக்கும் தன்னார்வலர் ஒருவர் உலக வர்த்தக மையக் கோபுரங்களின் அடியில் நடந்தார். நடைபாதையில் 200க்கும் மேற்பட்ட பாடும் பறவைகள். அவற்றை வரிசை வரிசையாக அடுக்கித் தன் தொலைபேசியில் படமெடுத்து வெளியிட்டார். அந்தப் படங்களில் பெரிய லென்ஸ் இல்லை, பின்னணி மங்கல் இல்லை, கண்ணில் மினுக்கும் ஒளிப்புள்ளி இல்லை. குறிபார்க்கவே தேவைப்படவில்லை, ஏனென்றால் எதுவும் அசையவில்லை. அருங்காட்சியகத்து இழுப்பறைகளில் பஞ்சடைத்த குருவிகள் கிடக்கிற அதே ஒழுங்கு. படம் பரவிய பிறகு அந்த வளாகத்தில் இரவு விளக்குகளைக் குறைத்தார்கள். பத்து வருஷமாக ராம்பிளில் நானும் என் நண்பர்களும் எடுத்துக் குவித்த படங்களில் ஒன்றாவது ஒரு விளக்கை அணைத்ததா என்று அன்றைக்கு எங்களுக்குள் பேச்சு வந்தது. எவரும் பதில் சொல்லவில்லை.

1918 சட்டப்படி, செத்துக் கிடக்கும் வார்ப்ளரைக்கூட அனுமதிச் சீட்டு இல்லாமல் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. உதிர்ந்த ஒரு இறகை வைத்திருப்பதும் குற்றம். தொப்பிக்காரர்களுக்காகப் போட்ட விதி அது. ஆகவே நடைபாதையில் அதைக் கண்டெடுக்கிறவர்களில் அனுமதி உள்ளவர்கள் தேதி, தெரு, கட்டிடம், எந்தப் பக்கத்துச் சுவர் என்று அட்டையில் எழுதி உறையில் போட்டு வைக்கிறார்கள். மற்றவர்கள் படம் எடுக்கிறார்கள். நானும் இந்த இரண்டு வருஷமாக அக்டோபர் காலைகளில் பூங்காவுக்குப் போவதற்கு முன்னால் ஆறு தெருக்கள் நடந்துவிட்டுப் போகிறேன். பீரங்கி பைக்குள் இருக்கும். தொலைபேசிதான் கையில்.